ஏறுநெற்றி நோயல்ல

முடி கொட்டுகிறது என்றுதான் என் அக்கா மகள் ஒரு கிளினிக்குக்குப் போனாள். துணைக்கு நான் போயிருந்தேன். வாரினால் சீப்பு நிறைய முடி, குளியலறை ஜல்லடையில் முடி, காலையில் தலையணையில் முடி என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரே இருந்தவர் ஒரு வெள்ளைப் பென்சிலைக் கையில் எடுத்தார். அவள் முன்முடியைப் பின்னுக்கு ஒதுக்கிப் பிடிக்கச் சொன்னார். இரு புருவத்துக்கும் நடுவிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை ஒரு சின்ன ஸ்கேலை வைத்தார். “ஏழு சென்டிமீட்டர் இருக்கும்மா. அஞ்சரை இருந்தா முகம் பேலன்ஸா இருக்கும்” என்றார். பிறகு நெற்றியின் குறுக்கே, ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு பொட்டு வரை, கோடு ஒன்று போட்டார். கோட்டுக்கு மேலே இருக்கும் தோல் அத்தனையும் ‘எக்ஸ்ட்ரா’வாம். டேப்லெட்டில் படம் எடுத்து, முடியை அந்தக் கோடு வரை இறக்கி, பழைய முகத்தையும் புது முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

முடி கொட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் பேசவில்லை, அவள் உட்பட. வீடு திரும்பும்போது ஆட்டோவில் கைக்குட்டையை நனைத்து நனைத்து அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். வீடு வரும்வரை அது முழுதாகப் போகவில்லை.

‘ஹேர்லைன் லோயரிங்’, ‘ஃபோர்ஹெட் ரிடக்‌ஷன்’ என்ற பெயர்களில் இந்த அறுவை சிகிச்சை நம் நகரங்களுக்கும் வந்துவிட்டது. அதோடு ஒரு கருத்தும் சேர்ந்து வந்திருக்கிறது. நெற்றி அகலமாக இருப்பது ஒரு குறை; அதற்கு இன்ன அளவு என்று அறிவியல் சொல்கிறது; சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடும்; பல்லுக்குக் கம்பி போடுவதைப் போலத்தான்; தன்னம்பிக்கை வருமென்றால் செய்துகொள்ளட்டுமே, அவள் முகம், அவள் பணம். எங்கள் வீட்டிலேயே இதைச் சொன்னவர்கள்தான் அதிகம். படித்தவர்கள், பெண்பிள்ளைகளுக்கு நல்லது நினைப்பவர்கள் சொன்னார்கள். அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கருத்தில் எந்தக் கண்ணியைத் தொட்டாலும் அது நிற்கவில்லை.

முதலில் அந்த ஸ்கேல். முகத்தை மூன்றாகப் பிரித்து, முடியோரத்திலிருந்து புருவம் வரை ஒன்று, புருவத்திலிருந்து மூக்கடி வரை ஒன்று, மூக்கடியிலிருந்து தாடை வரை ஒன்று, மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் மருத்துவர் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர். கோயில் எப்படி அளவொத்து அமைய வேண்டும் என்று விளக்க வந்த இடத்தில், மனித உடலை உதாரணம் காட்டி இதைச் சொன்னார். பின்னால் லியோனார்டோ டா வின்சி போன்ற ஓவியர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் ஸ்தபதிகளிடமும் இதே கணக்கு உண்டு. தாளம் என்ற சிற்ப அளவில் முகம் பன்னிரண்டு அங்குலம்; இந்த அங்குலம் இஞ்ச் அல்ல, சிலையின் அளவுக்கேற்ப மாறும் பங்கு. நெற்றிக்கு நான்கு, மூக்குக்கு நான்கு, அதற்குக் கீழே நான்கு. ஆனால் அதே சிற்ப நூல்கள் சிவனுக்கும் திருமாலுக்கும் பத்துத் தாளம், பிள்ளையாருக்கு ஐந்து தாளம் என்று உருவத்துக்கு உருவம் வேறு வேறு அளவு வைத்திருக்கின்றன. கல்லில் உருவத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று உளி பிடிப்பவருக்குச் சொல்லும் வழிகாட்டி அது. அதைக் கொண்டுவந்து உயிருள்ள பெண்ணின் நெற்றியில் வைத்து, கூடுதல் குறைவு பார்ப்பதற்கு எந்த ஸ்தபதியும் சொல்லித்தரவில்லை.

சரி, பழைய கலைஞர்களை விடுவோம். உண்மையான மனித முகங்களை அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். கனடாவின் டொரன்டோவில் பணியாற்றிய லெஸ்லி ஃபர்காஸ். முக அளவையியலில் இன்றும் அறுவை மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் பெயர். 1985இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வட அமெரிக்க வெள்ளை இன இளைஞர்களின் முகங்களை அளந்து, இந்தப் பழைய விதிகளோடு ஒப்பிட்டார்கள். மூன்று சமபங்கு விதி பெரும்பாலோருக்குப் பொருந்தவில்லை. எந்த இன முகத்தைப் பார்த்து அந்த விதி பிறந்ததோ, அந்த முகங்களுக்கே பொருந்தாத விதி அது. நம் பிள்ளைக்கு அதை வைத்து ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல் என்று தீர்ப்புச் சொல்வதை அறிவியல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அழகு என்ற பேச்சை எடுத்தாலும் இதே கதைதான். பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உயர்குடிப் பெண்கள் முன்நெற்றி முடியைப் பிடுங்கி எடுத்து நெற்றியை உயர்த்திக்கொண்டார்கள். வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ரோகியர் வான் டெர் வெய்டன் ஏறக்குறைய 1460இல் வரைந்த ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. இழுத்துக் கட்டிய முடி, மெல்லிய துணிக்கு அடியில் உச்சியை நோக்கி ஏறும் நெற்றி. அந்தக் காலத்து அழகு அது. நம் சங்கப் பாடல்கள் பெண்ணை நுதலால்தான் விளிக்கின்றன: ஒள்நுதல், வாள்நுதல், நன்னுதல். சிறுநுதல் என்றும் உண்டு, பிறைநுதல் என்றும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நம் புலவர்கள் நெற்றியில் பார்த்தது ஒளியை. பிரிவில் அது பசந்து போவதைப் பார்த்தார்கள். வள்ளுவரின் தலைவன், போர்க்களத்தில் பகைவரை நடுங்கவைத்த தன் வலிமை ஒரு பெண்ணின் நெற்றிக்கு முன்னால் உடைந்தது என்கிறான். மனத்தில் நடப்பது தெரியும் இடமாக நெற்றியைப் பார்த்த மொழி இது.

எங்கள் வீட்டுச் சுவரில் என் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். வருகிறவர்கள் எல்லாரும், “என்ன விசாலமான நெத்தி! படிச்சவர்னு பார்த்தாலே தெரியுது” என்பார்கள். அக்காவுக்கும் எனக்கும் அதே நெற்றிதான். அக்கா மகளுக்கும் அதுதான் வந்திருக்கிறது. ஆண் முகத்தில் அறிவுக்கு அடையாளமாக இருந்தது, பெண் முகத்துக்கு வந்ததும் ‘ஏறுநெத்தி’ ஆகிவிடுகிறது. நெற்றி அகலத்துக்கும் அறிவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அப்பாவுக்குச் சொன்ன புகழும் பொய்தான். ஆனாலும் அந்தப் பொய்யால் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. இந்தப் பொய்யால் பேத்திக்குக் கத்தி வருகிறது. என் கோபத்தின் வேர் இங்கேதான்.

கைப்பேசி இதை இன்னும் மோசமாக்குகிறது. முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் எல்லாரும் படம் எடுக்கிறோம். லென்ஸுக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அது பெரிதாக விழும். மேலிருந்து எடுத்தால் பக்கத்தில் இருப்பது நெற்றி. 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்: பன்னிரண்டு அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடித் தொலைவில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. மூக்குக்கு இந்தக் கதி என்றால் தூக்கிப் பிடித்த கேமராவின் கீழே நெற்றி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று அந்த டேப்லெட்டும் அவள் முகத்துக்கு அருகில்தான் இருந்தது.

‘சின்ன ஆபரேஷன்’ என்கிறார்களே, அதில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். முடி தொடங்கும் ஓரத்தில், பொட்டிலிருந்து பொட்டு வரை கத்தி வைக்கிறார்கள். கத்தியைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். வெட்டுக்கு அடியில் தங்கும் முடிவேர்கள் பின்னால் தழும்பைத் துளைத்துக்கொண்டு வளர்ந்து அதை மறைக்க வேண்டும் என்பதற்காக. அந்த வெட்டின் வழியே, மண்டையோட்டை ஒட்டிய மெல்லிய சவ்வை விட்டுவிட்டு, தலைத்தோலை உச்சி தாண்டிப் பின்னந்தலை வரை பிரித்தெடுக்கிறார்கள். தலைத்தோலின் அடியில் ‘கேலியா’ என்று கெட்டியான படலம் ஒன்று உண்டு. அது இழுத்தால் வராது. வரவைப்பதற்காக உட்புறமாகக் குறுக்கே குறுக்கே கீறிவிடுகிறார்கள். பிறகு தோலை முன்னுக்கு இழுத்து, எலும்பில் சிறு துளையிட்டுத் தையலாலோ, கரைந்துபோகும் கொக்கிகளாலோ நிறுத்துகிறார்கள். நெற்றியில் மிஞ்சும் தோலைப் பட்டையாக அறுத்தெடுத்துவிட்டுத் தைக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு முடியோரம் இறங்குவது பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர்.

புருவத்துக்கு மேலிருந்து கிளம்பும் உணர்வு நரம்புகள் நெற்றி வழியாகத்தான் உச்சந்தலைக்குப் போகின்றன. அந்தக் குறுக்கு வெட்டு அவற்றின் கிளைகளை அறுத்துவிடுகிறது. மாதக்கணக்கில் உச்சந்தலை மரத்திருக்கும். எண்ணெய் வைத்தால் விரல் படுவது தெரியாது. பலருக்கு உணர்வு திரும்புகிறது. சிலருக்கு அங்கங்கே திரும்புவதில்லை. வெட்டை ஒட்டிய முடி அதிர்ச்சியில் கொட்டுவதும் உண்டு. நம் நிறத் தோலில் தழும்பு தடிப்பதற்கும் நிறம் மாறுவதற்கும் வாய்ப்பு கூடுதல். தேர்ந்த மருத்துவர், சரியான நோயாளி என்று அமைந்தால் தழும்பு மெல்லிய கோடாக மங்கிப்போகும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மங்கிய கோடு முடிக்கு அடியில் இருக்கும்வரைதான் மறைவு. நாற்பது, ஐம்பது வயதில் முன்முடி மெலிந்து பின்வாங்கினால் கோடு வெளியே வந்து நிற்கும். அறுத்தெடுத்த தோலைத் திருப்பி வைக்க வழியில்லை. பல்லுக்குப் போட்ட கம்பி பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். கண்ணாடி போட்டால் பார்வை தெளிகிறது. ஏழு சென்டிமீட்டர் நெற்றியால் எந்த உறுப்பு வேலை செய்யாமல் நின்றது?

இனி நான் சொல்லப் போவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நினைக்கிறேன். பிறவியிலேயே உயரமான நெற்றி வேறு, நாளாக நாளாக ஏறிய நெற்றி வேறு. இரண்டாவது ஒரு அறிகுறி. ஏன் ஏறியது என்று கேட்காமல் ஸ்கேலை எடுப்பவர் அடிப்படை வேலையைச் செய்யவில்லை. நம் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் முழுக்க எண்ணெய் தடவி, படிய வாரி, ரிப்பன் வைத்து இறுக்கிய இரட்டைச் சடையோடு வளர்கிறார்கள். நாட்டியம் ஆடுகிறவர்கள் கொண்டையை இன்னும் இறுக்குகிறார்கள். வேலைக்குப் போனதும் உச்சியில் இழுத்துக் கட்டிய குதிரைவால். பொட்டோரத்திலும் காதோரத்திலும் முடிவேர் வருடக்கணக்கில் இழுபட்டு அங்கே முடி மெலிகிறது. ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முளைக்கும். விட்டுவிட்டால் வேர் செத்துப்போகும். இது ஒரு காரணம். ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, பிரசவம் ஆகி மூன்று நான்கு மாதத்தில் வரும் கொட்டல் என்று மற்றவையும் இருக்கின்றன. சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் ஐந்து கேள்வியிலும் பெரும்பாலும் பிடிபடுபவை.

இன்னொன்று இருக்கிறது. 1994இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட் விவரித்த ‘ஃப்ரான்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா’. மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் முதலில் கவனித்தார்கள், இளையவர்களுக்கும் வருகிறது. முடியோரம் பட்டையாகப் பின்வாங்கும், புருவ முடியும் உதிரும், முன்பு முடி இருந்த இடத்தின் தோல் வெளிறி வழவழப்பாகும், நடுவில் ஒன்றிரண்டு முடி மட்டும் தனியாக நிற்கும். உள்ளே அழற்சி வேரைத் தின்றுகொண்டிருக்கிறது. பார்க்கிறவருக்கு இதுவும் ‘ஏறுநெற்றி’தான். இந்த நிலையில் கத்தி வைத்தால் இழுத்து வைத்த முடியோரமும் சேர்ந்து போகும். முக அறுவைக்கும் முடி நடுதலுக்கும் பிறகுதான் இந்த நோய் தலைகாட்டியது என்ற பதிவுகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. அன்று அந்த அறையில் அவள் புருவத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. எப்போதிருந்து கொட்டுகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

“எல்லாரும் அப்படியா?” என்று கேட்கலாம். இல்லைதான். நல்ல பிளாஸ்டிக் சர்ஜன் முதலில் முடி உதிர்வுக் காரணத்தைத்தான் தேடுவார். தேவையில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார். ஆனால் சந்தை அவரை நம்பி நடக்கவில்லை. 2016இல் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் அழகு நிலையம் போல நடந்த இடத்தில் முடி நட்டுக்கொண்டு உயிரிழந்தார். இறுதியாண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பையன். அவனுக்கே தெரியவில்லை, நம் வீட்டுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு அறிவுறுத்தல் வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் முடி நடுதலும் இத்தகைய அழகு அறுவைகளும் செய்ய வேண்டும். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சி ஆகாது என்றது. யூடியூப் என்று பெயர் சொல்லி எழுத வேண்டிய நிலைமை வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

‘ட்ரீட்மென்ட்’, ‘கரெக்‌ஷன்’ என்ற சொற்களையும் நான் மறுக்கிறேன். ஜிஎஸ்டி சட்டத்தில் மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. பிறவிக் குறைபாடு, விபத்து, காயம் போன்றவற்றால் பாதித்த உடலைச் சீராக்கச் செய்தால் ஒழிய, முடி நடுதலும் அழகு அறுவையும் அந்த விலக்கில் வராது. 18 சதவீத வரி உண்டு. ரசீதில் வரியைப் போட்டுவிட்டு வாயால் சிகிச்சை என்று சொல்கிறார்கள்.

அக்கா என்னிடம் சொன்னதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. “உனக்கென்னடி, கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஆச்சு. பார்க்க வர்றவங்க முதல்ல போட்டோவைத்தானே பார்க்கிறாங்க?” அவள் கேட்டதில் பயம் இருந்தது, வஞ்சகம் இல்லை. ஆனால் அக்கா, இதுவரை வந்த இரண்டு இடமும் என்ன சொல்லித் தள்ளிப்போனது? ஒன்று ஜாதகம், ஒன்று சம்பளம். நெற்றி என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அந்த வார்த்தையை முதலில் சொன்னது கையில் பென்சில் வைத்திருந்தவர். அதைத்தான் நாம் ஊர் சொல்லாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் கொண்டுவந்தோம். நீயும் இதே நெற்றியோடுதான் மணையில் உட்கார்ந்தாய். உன் கல்யாண ஆல்பத்தில் நெற்றிச்சுட்டிக்கு மேலேயும் இரண்டு விரல் அகலம் தெரிகிறது. அதைப் பார்த்து இத்தனை வருடத்தில் யார் என்ன சொன்னார்கள்?

‘அவள் தேர்வு’ என்பவர்களுக்கும் இதே பதில்தான். தேர்வு என்றால் முன்பே மனத்தில் ஒரு ஆசையோ உறுத்தலோ இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு அதன்மேல் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் இன்னொருவர் உண்டாக்கிய உறுத்தலை, அவரே விற்கும் பொருளால் தீர்த்துக்கொள்வதை நான் தேர்வு என்று சொல்ல மாட்டேன். தன்னம்பிக்கை வரும் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. உடலில் இல்லாத குறையைப் பெரிதாக்கி நாள் முழுக்கக் கண்ணாடி முன் தவிக்கிற மனநோய் ஒன்று உண்டு. அழகு அறுவை கேட்டு வருகிறவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு நெற்றியை இறக்கினால் உறுத்தல் மூக்குக்கோ தாடைக்கோ நகரும். அவர்களுக்குத் தேவை மனநல மருத்துவர்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நான் பேசவில்லை. தீக்காயத்தில் முன்முடி போனவர், விபத்தில் தலைத்தோல் கிழிந்தவர் கதை வேறு. திருநங்கையர் சிலருக்கு ஆண் முடியோரம் தெருவில் அடையாளம் காட்டிக்கொடுத்து, கேலிக்கும் அடிக்கும் ஆளாக்குகிறது. அவர்கள் பல வருடம் யோசித்துக் கேட்கிற அறுவை அது. சின்ன வயதிலிருந்து இந்த நெற்றியால் உண்மையாகவே வருந்தி, காரணங்களைச் சோதித்து, தழும்பும் மரப்பும் தெரிந்து, பொறுத்திருந்து முடிவெடுக்கிற பெண்ணிடமும் எனக்கு வாதம் இல்லை. என் வாதம், முடி கொட்டுகிறது என்று வந்தவளின் நெற்றியில் கேட்காமல் கோடு போட்டவரிடமும், அதைச் சரி என்று சொல்லும் நம் எல்லாரிடமும்தான்.

அவளை அடுத்த வாரம் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. அந்த மருத்துவர் அவள் சடையை அவிழ்க்கச் சொன்னார், காதோரத்து முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், மாதவிடாய் பற்றிக் கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். இரும்புச்சத்து மிகக் குறைவு. கூடவே பத்து வருடமாக இழுத்துக் கட்டிய முடி. மாத்திரை எழுதிக்கொடுத்து, “தளர்வாப் பின்னும்மா, ஆறு மாசம் ஆகும்” என்றார். நெற்றியைப் பற்றி அவள் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, “நெத்திக்கு என்ன?” என்று திருப்பிக் கேட்டார்.

ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு காதோரத்திலும் அரை அங்குலத்துக்குக் குட்டி முடி எழுந்து நிற்கிறது. எண்ணெய் வைத்தாலும் படிவதில்லை. நெற்றி அதே ஏழு சென்டிமீட்டர்தான். கோடு போட்ட கிளினிக்கிலிருந்து அவளுக்கு மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது, தவணையில் கட்டலாம் என்று. அந்த எண்ணை அவள் முடக்கவேயில்லை. நேற்று நானே கைப்பேசியைக் கேட்டு வாங்கி முடக்கினேன்.